மழைக்காலத்து விலை

ரசாயனக் கம்பெனியை அரசாங்கம் விற்றுவிட்டது என்ற செய்தி வந்தபோது மாமா அதன் பம்புக் கொட்டகையில் இருந்தார். கழுவெளி ஏரியிலிருந்து உப்புத் தண்ணீரை முதல் பாத்திகளுக்கு ஏற்றுவது அவர் வேலை. ஓடிவந்து சொன்ன, கூட வேலை பார்த்த காசிலிங்கத்திடம், "வித்தது இருக்கட்டும். தண்ணி ஏத்தணுமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டாராம். அது இரண்டாயிரத்து நான்கு, தை மாதம். காசிலிங்கம் அதை மரக்காணம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

மாமா என்பது என் அக்கா அமுதவல்லியின் கணவர், பாலகுரு. அம்மா இறந்த பிறகு நான் அவர்கள் வீட்டில்தான் வளர்ந்தேன். அக்காவுக்கும் எனக்கும் பதினைந்து வயது வித்தியாசம்.

உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரிலிருந்து புரோமின் எடுக்கிற கம்பெனி அது. பம்பாய்க்காரர்கள் வாங்கினார்கள். ஒரு பகுதியைப் பங்குகளாகப் பொதுமக்களுக்கு விற்றார்கள். தொழிலாளர்களுக்கு என்று கொஞ்சம் தனியாக, குறைந்த விலையில், பங்கு இருபத்திரண்டு ரூபாய்க்கு ஒதுக்கினார்கள். திண்டிவனத்தில் பங்கு வாங்கி விற்கும் அலுவலகம் வைத்திருந்த தேவநாதன் சார், கம்பெனி கேட்டுக்கு எதிரே ஷாமியானா போட்டு மேசை வைத்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

நான் அப்போது விலங்கியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்று மாமா என்னையும் கூட்டிப்போனார். தேவநாதன் சார் நான் எழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?"

தலையாட்டினேன்.

"பேசாம உக்காந்து வேலை பாக்கற ஆள்தான் எனக்கு வேணும். போன பொண்ணு பேசியே என் கஸ்டமரை எல்லாம் ஓட்டிட்டா."

அந்தத் தகுதி என்னிடம் இருந்தது. அடுத்த வாரமே வேலைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், உரக்கடைக்கு மேல் மாடி. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி. விலை மேலே போனால் எழுத்து நீலமாகும், கீழே போனால் சிவப்பாகும். அதைப் பார்ப்பதற்கென்றே சிலர் காலையில் வந்து உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போவார்கள்.

பங்குகள் கணக்கில் வந்ததும் பாதிப்பேர் விற்றுவிட்டார்கள். காசிலிங்கம் கலர் டிவி வாங்கினார். மாமா விற்கவில்லை. வி.ஆர்.எஸ். என்று விருப்ப ஓய்வுப் பணம் கொடுத்தார்கள், அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், அந்தப் பணத்தில் அதே கம்பெனியின் பங்குகளை இன்னும் வாங்கினார். மிச்சத்தில் அவர் அப்பா காலத்து உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் உப்பை வாரின அன்றே விற்றால், வீட்டில் அவசரம் என்று அர்த்தம். வியாபாரி ஆளைப் பார்த்ததும் விலையைக் குறைப்பார். வெயில் காலத்தில் எல்லாரிடமும் உப்பு இருக்கும். முடிந்தவர்கள் வரப்பின்மேல் அதைக் குவித்து, பனையோலை போட்டு மூடிக் கயிறு கட்டிவிடுவார்கள். ஐப்பசியில் மழை இறங்கிப் பாத்தியெல்லாம் முழுகிவிடும். புது உப்பு கிடையாது. அப்போது லாரி தானாக வந்து நிற்கும். மாமாவின் குடும்பத்தில் ஓலை போடாமல் விற்றவர் யாரும் இல்லை. பங்குகளையும் அவர் அப்படித்தான் வைத்தார். யாராவது விசாரித்தால், "ஓலை போட்டிருக்கேன்" என்பார்.

அவர்களுக்கு ஒரே பையன், சரத்குமார். ஒன்று போதும், நன்றாகப் படிக்கவைப்போம் என்று அவன் பிறந்ததோடு அக்கா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டாள். அவனுக்குப் பதினோரு வயது. வகுப்பில் உயரமான பையன். அந்த வருடம் கார்த்திகையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோவதற்குள் நினைவு போய்விட்டது. திரும்பி வரும்போது அக்கா வண்டியில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் அவன் காதைப் பொத்தினாள்.

அடுத்த மாதம் கடல் ஊருக்குள் வந்தது. மீனவர் தெருக்களில் ஒவ்வொரு வீட்டிலும் அழுகை. அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டு அழுகை யாருக்கும் கேட்கவில்லை.

அக்கா பல மாதம் சரியாகப் பேசவில்லை. இரண்டாயிரத்து ஐந்து, பங்குனியில் ஒரு நாள், நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டாள்.

"கட் பண்ண குழாயை மறுபடி சேக்கலாமாடீ? நீ படிச்சிருக்கியே."

"சேக்கலாம்க்கா. சில பேருக்கு."

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். அங்கே நர்ஸ் ஒருத்தர் அக்காவின் பெயரை எழுதிக்கொண்டே, "பையன் சுனாமியில போயிட்டானாம்மா? அப்படின்னா கவர்மென்ட்டே ஃப்ரீயா பண்ணிக் குடுக்குது" என்றார்.

"இல்லம்மா. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி."

நர்ஸ் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, குழாயை நிறைய வெட்டியிருக்கிறார்கள், சேர்க்க வராது என்றார். டெஸ்ட் டியூப் முறையில்தான் முடியும், சென்னைக்குப் போங்கள் என்றார்.

ஆனி மாதம் சென்னைக்குப் போனோம். டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். அக்காவுக்கு முப்பத்தெட்டு. செய்வதென்றால் ஒரு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு இவ்வளவு ஆகும். நாலு பேருக்குச் செய்தால் ஒருத்தருக்குக் கரு நிற்கும்.

"அந்த ஒருத்தி நான்தான்" என்றாள் அக்கா. டாக்டரம்மா சிரித்தார். சரத் போன பிறகு அக்கா விளையாட்டாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாமா பின்சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கி இன்னா வெல ரேணுகா?"

"அம்பத்தாறு மாமா."

"ஒரு தடவைக்கு வரும்."

"வரும்."

கல்பாக்கம் தாண்டும்வரை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஒரு தடவை பண்ணி, நிக்கலைன்னா? கையில ஒண்ணும் இருக்காது. அவ மறுபடியும் ஒரு பிள்ளையப் பறிகொடுத்தா மாதிரி ஆயிடுவா. தாங்க மாட்டா. மூணு தடவைக்காவது கையில வச்சிக்கிட்டுதான் ஆரம்பிக்கணும்."

ஒரு பெண்ணின் உடலில் கருமுட்டைகள் அவள் பிறக்கும்போதே இருப்பவை. புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை. குறைந்துகொண்டுதான் போகும். இரண்டாம் வருடப் பாடத்தில் அந்த வரைபடத்தை நான் வரைந்திருக்கிறேன். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் ஏற்றிப்போன மாமாவிடம் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"நாளாக ஆக கொறையும் மாமா" என்றேன்.

"எது?"

"சான்ஸ்."

"அதான் ஒரு வருசம்னு சொல்லிட்டாங்களே. இருக்குதில்ல."

அந்த வருடம் பங்கு மெதுவாக ஏறியது. கம்பெனி புது எந்திரம் வாங்கியது, வெளிநாட்டுக்கு அனுப்பியது, ஏதேதோ செய்தி. மாசியில் தொண்ணூறு. மாடியில் நாற்காலி போதவில்லை. கம்பெனி வாட்ச்மேனாக இருந்து இறந்துபோனவரின் மனைவி அந்தோணியம்மாள், கேட்டுக்குப் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருந்தவர், வேலை முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவார்.

"இன்னிக்கி எவ்ளோடீ கண்ணு ஏறிச்சு?"

"மூணு ரூபா ஆயா."

"அடப்பாவி மனுசா. உயிரோட இருந்தப்போ ஒரு நாளும் இத்தினி சம்பாதிச்சுக் குடுத்ததில்ல. செத்தப்புறம் குடுக்கறான் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். காசிலிங்கமும் வருவார். விற்க அவரிடம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வருவார்.

"டேய் பாலு, என் டிவியில படம் வருது, பாட்டு வருது. உன் ஷேர்ல இன்னாடா வருது?"

"உன் டிவி இன்னிக்கி எவ்ளோக்குப் போகும் காசி?" என்று மாமா கேட்டார். காசிலிங்கம் அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

சித்திரையில் நூற்றுப்பத்து. அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அக்கா கேட்டாள்.

"ரெண்டு தடவைக்கு வந்துடுச்சில்லங்க?"

"வந்துடுச்சு."

"போதும்ங்க. போலாம்."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "சித்திரை வெயில்ல எவனாவது உப்பு விப்பானா அமுதா? ஐப்பசி வரட்டும். மூணு தடவைக்கு வந்துடும்."

"டாக்டரம்மா ஆனிக்குள்ளன்னாங்களே."

"நாலு மாசம் முன்ன பின்ன ஆனா இன்னா? நீ வேணா பாரு, மொத தடவையே நிக்கப்போவுது. மிச்சக் காசுல அதுக்கு கான்வென்ட்டு."

அக்கா அவர் தட்டில் ரசம் ஊற்றினாள். முகத்தில் கோபம் இல்லை. கான்வென்ட்டு என்ற சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. யூனிஃபார்ம் என்ன கலர் இருக்கும் என்று என்னிடம் கேட்டாள்.

வைகாசி முடிவதற்குள் விலை விழுந்தது. எங்கள் பங்கு மட்டும் இல்லை, எல்லாமே. திரை முழுக்கச் சிவப்பு. தேவநாதன் சார் இரண்டு காதிலும் இரண்டு ஃபோனை வைத்துக்கொண்டு நின்றார். பஸ் பிடித்து வந்தவர்கள் படியிலேயே நின்று, "வித்துடு, வித்துடும்மா" என்று கத்தினார்கள். அந்தோணியம்மாள் வந்ததும் அழுதுவிட்டார்.

"அந்தப் பொட்டிய அணைச்சு வையிடீ, பாவி. எறங்கறது நிக்கட்டும்."

அணைத்தாலும் நிற்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடையதை விற்றுக் கொடுத்தேன். மாமா கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் எழுந்து என்னிடம் வந்து, "கயிறு இன்னும் இறுக்கிக் கட்டணும், அவ்ளோதான்" என்றார். பஸ்ஸில் அன்று அவர் டிக்கெட் எடுக்க மறந்துவிட்டார். நான் எடுத்தேன்.

அந்த நாட்களில்தான் ஒரு காலை அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"வரும்போது மெடிக்கல்ல ஒண்ணு வாங்கிட்டு வரியா?"

"இன்னாக்கா?"

சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இருக்குதா இல்லியான்னு பாப்பாங்களே. அது."

நான் அவளையே பார்த்தேன். குழாயை வெட்டியிருக்கிறது. சேர்க்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கும் அது தெரியும்.

"ரெண்டு மாசமா வரலடீ" என்றாள். கண்கள் பளபளவென்று இருந்தன.

திண்டிவனத்தில் மெடிக்கல் கடைக்கு எதிரே ஆம்பிளைகள் போகும்வரை நின்றேன். ஒருவர் போனால் இன்னொருவர் வந்தார். கடைசியில் போய்க் கேட்டேன். கடைக்காரரை எல்லாரும் சேட்டு என்பார்கள். அவர் என் கழுத்தைப் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"அக்காவுக்கு."

"எல்லாரும் அக்காவுக்குத்தான் வாங்கறாங்க" என்று சொல்லி, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். டிபன் பாக்ஸுக்குக் கீழே வைத்து எடுத்துவந்தேன். பஸ் முழுக்க என் பையையே பார்ப்பதுபோல் இருந்தது.

மறுநாள் விடியலில், மாமா உப்பளத்துக்குப் போன பிறகு, அக்கா அதைக் கொண்டுவந்து சமையல்கட்டு மேடையில் வைத்தாள். ஒரு கோடு வந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம்.

"இன்னொரு கோடு வர லேட்டாவுமாடீ?"

"கொஞ்ச நேரம் பாக்கலாம்க்கா."

உலை கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அக்கா திரும்பவில்லை. நான் போய் அடுப்பைக் குறைத்தேன். அட்டை காய்ந்து அதன் ஓரம் மஞ்சளாகும்வரை அவள் நின்றாள்.

"அக்கா, சில பேருக்கு மாசா மாசம் வர்றது சீக்கிரமே நின்னுடும். டாக்டர்கிட்ட உடனே போலாம்."

"அதெல்லாம் அம்பதுலடீ. எனக்கு முப்பத்தொம்போது." அட்டையை எடுத்து அடுப்பில் போட்டாள். "சரியா சாப்பிடல, அதான். மாமாகிட்ட சொல்லிடாத."

"ஏங்கா?"

"சொன்னா கெடச்ச வெலைக்கு வித்துடுவாரு. இப்ப வித்தா ஒரு தடவைக்குத்தான் வரும். அது நிக்கலைன்னா தன்னாலதான்னு உக்காந்துடுவாரு. ஏற்கனவே சரத்த ஒரு நாள் முன்னாடி கூட்டிப்போயிருக்கணும்னு ராத்திரில பொலம்பறாரு. உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். சுவர் அப்படி ஒன்றும் தடிமன் இல்லை.

ஆடி பிறந்ததும், நான் எதிர்பார்க்காத ஒரு நாள், மாமாவும் அக்காவும் சேர்ந்து மாடி ஏறி வந்தார்கள். மாமா முகச்சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"போதும் ரேணுகா, வித்துடு" என்றார். "டாக்டரம்மா சொன்ன கெடு முடிஞ்சு போச்சு. ஒரு தடவைக்கு வருதில்ல? அது போதும். அதிர்ஷ்டம் இருந்தா அதுல நிக்கட்டும்."

விலை ஐம்பத்தெட்டு. எண்ணிக்கையை அடித்தேன். விலையை அடித்தேன். இன்னும் ஒரே ஒரு பட்டன். என் கை வேகமாகத்தான் இருந்தது.

"இருடீ" என்றாள் அக்கா.

மாமா அவளைப் பார்த்தார்.

"ஐப்பசின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எறங்குதே அமுதா."

"எறங்கினா எறங்கட்டும். ஓலைய பாதியில பிரிச்சா மழைல கரைஞ்சிதான் போவும். உங்க அப்பா பிரிப்பாரா? இத்தினி நாள் இருந்தாச்சு. மூணு தடவைக்குச் சேரட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மாமாவின் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நஷ்டத்துக்குப் பிறகும் அவள் தன்னை நம்புகிறாள் என்று நினைத்திருப்பார். உண்மையில் அவள் நம்பினாள்.

"அக்கா" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னாம்மா, போடறதா வேணாமா?" என்றார் தேவநாதன் சார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

அக்கா வேண்டாம் என்று தலையசைத்தாள். நான் அடித்ததை அழித்தேன்.

அந்த மாதக் கடைசியில் அக்காவுக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் என்னை ஏற்றச் சொன்னாள். தீப்பெட்டியைத் தூக்கிப் போட்டு, "பாத்தியா? என்னமோ சொன்னியே, பெரிய டாக்டர்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் படித்ததெல்லாம் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே விளக்கை ஏற்றினேன்.

அதற்குப் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அவள்தான் ஏற்றினாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்திகள் முழுகி, கழுவெளியும் உப்பளமும் ஒரே தண்ணீராகிவிட்டது. புரோமின் விலை உலகம் முழுக்க ஏறுவதாக ஆங்கிலப் பேப்பரில் போட்டிருந்தார்கள். கம்பெனி பங்கு ஆவணியில் எழுபது, புரட்டாசியில் நூறு, தீபாவளிக்கு நூற்று முப்பது. கார்த்திகை முதல் வாரம் ஒரு திங்கள்கிழமை நூற்று அறுபதைத் தொட்டது.

மாமா நனைந்துகொண்டே மாடி ஏறி வந்தார். லுங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஓலைய பிரிச்சுடு" என்றார்.

விற்றேன். அலுவலகத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தேவநாதன் சார் கீழே ஆள் அனுப்பி எல்லாருக்கும் காராபூந்தி வாங்கிவரச் சொன்னார். "இந்தக் கம்பெனியில கீழயும் விக்காம, உச்சியிலயும் விடாம வித்தவரு என் கஸ்டமர்ல இவரு ஒருத்தர்தான்" என்றார். மறுநாளே விலை இறங்க ஆரம்பித்தது. மாமா சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது.

அந்த வாரமே சென்னைக்குப் போனோம். பணத்தை வங்கியிலிருந்து எடுத்து, துணிப்பையில் வைத்து, பையை மடியில் வைத்து மாமா கைகளைக் கோத்துக்கொண்டார். அக்கா புதுப்புடவை கட்டியிருந்தாள். காலையில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். சாயங்காலம் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"எனக்கே சொல்லுங்கம்மா" என்றாள் அக்கா.

டாக்டரம்மா பேப்பரைக் கீழே வைத்தார். "மாசா மாசம் வருதாம்மா?"

"ஆடியில வந்துச்சு."

"அதுக்கு முன்னாடி?"

அக்கா புதுப்புடவைத் தலைப்பை மடியில் நீவிவிட்டாள். மாமா அவள் பக்கம் திரும்பினார்.

"சில பேருக்கு நாப்பதுக்குள்ளயே முடிஞ்சுடும்மா. உங்களுக்கு முட்டை இல்ல. ஊசி போட்டாலும் வளர ஒண்ணும் இல்ல. போன வருசம் நீங்க வந்தப்போ கொஞ்சம் இருந்துச்சு. அதனாலதான் அப்பவே சொன்னேன்."

"பரவால்லீங்க" என்றார் மாமா அவசரமாக. "ஒரு தடவையில நிக்காதுன்னு எங்களுக்குத் தெரியும். மூணு தடவைக்குக் கொண்டாந்திருக்கேன்." பையை மேசைமேல் வைத்தார். "வேணும்னா இன்னும் இருக்குது."

டாக்டரம்மா பையைப் பார்க்கவில்லை. "ஒரு தடவைக்கே வழி இல்லீங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வேற ஒரு பொண்ணோட முட்டைய வச்சுப் பண்ணலாம். அது ஒரு வழி இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

"என்னோடத..." என்று நான் வாயைத் திறந்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் சதையில் அழுந்தியது.

"வேணாம்மா" என்றாள் டாக்டரம்மாவிடம். "அவன் சாயல்ல ஒண்ணு கேட்டேன். அவ்வளவுதான்."

மாமா பையை மேசையிலிருந்து எடுக்க மறந்து எழுந்தார். நான் எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். அக்கா நடுவில். வழியெல்லாம் மழை. மகாபலிபுரம் தாண்டி மாமா கேட்டார், "ஆடியில நீ ஏன் என்னைத் தடுத்த?"

அக்கா, "நீங்க சொன்னா நடக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

"நடந்துச்சே" என்றார் மாமா. அக்கா அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை முகத்தில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, மிச்சச் சில்லறையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மரக்காணத்தில் இறங்கியபோது மழை விட்டுத் தூறலாக இருந்தது. டீக்கடை ஓலைத் தாழ்வாரத்தின் கீழே கம்பெனி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். காசிலிங்கம்தான் முதலில் பார்த்தார்.

"ஏம்பா பாலகுரு! வாடா, வா. எங்கடா போயிட்ட வித்துட்டு? ஊரே உன்னத்தான் பேசுது." மாமாவின் தோளில் கை போட்டார். "நாங்கல்லாம் அவசரப்பட்டுட்டோம். நீதான்டா பொறுமையா இருந்து ஜெயிச்ச."

மாமா நின்றார்.

"பாரு, பணம் வந்ததும் பேச்சு வரல. ஏம்மா அமுதா, நீயாவது சொல்லு. இன்னா வெலைக்கிப் போச்சு? தேவநாதன் ஒண்ணு சொல்றாரு, இவனுங்க ஒண்ணு சொல்றானுங்க."

அக்கா புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டிருந்தாள். அதைச் சரிசெய்தாள்.

"நூத்து அறுபதுண்ணே."

"அம்மாடியோவ்!" என்றார் காசிலிங்கம். பின்னால் யாரோ விசிலடித்தார்கள். "அப்ப எங்களுக்கெல்லாம் ஒண்ணும் கெடையாதா? ஒரு டீயாவது சொல்லச் சொல்லும்மா உன் வூட்டுக்காரன."

"சொல்லுங்கண்ணே எல்லாருக்கும்" என்றாள் அக்கா.

மாமா சட்டைப்பையில் கை விட்டுத் துழாவினார். நான் பையைப் பிரித்து ஒரு நோட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கடைக்காரரிடம் நீட்டினார். டீக்கடைக்காரர் பாய்லரைத் திறந்து கிளாஸ்களைக் கழுவ ஆரம்பித்தார். அக்கா மாமாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாருக்கும் டீ வரும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.